பார்ப்பவராகவே இருப்பது: ஒரு வானியல் ஆர்வலரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பணியாளர் நலன் ஆலோசனைக்கு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வந்துபோன ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவருடைய ஒப்புதலுடன் எழுதப்படுகிறது. அவர் அடையாளம் காணப்படாதிருக்க, தொழிலும் குடும்பமும் சார்ந்த சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. அவரை இங்கே ‘ஆர்வலர்’ என்றே குறிப்பிடுகிறேன். இணையத்தில் எதையும் வெளியிடாமல் படித்தும் பார்த்தும் மட்டுமே வருவது ஒரு குறைபாடா என்ற கேள்வியுடன் வருபவர்கள் அண்மையில் பெருகியிருப்பதால், இதைப் பதிவுசெய்வது பிற ஆலோசகர்களுக்கும் அதே கேள்வி உள்ளவர்களுக்கும் பயன்படக்கூடும்.

பின்னணி

ஆர்வலர் ஐம்பது வயதைக் கடந்தவர். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி வருபவர். பள்ளிப் பருவத்திலிருந்தே வானியலில் ஈடுபாடு உண்டு. நூலகத்தில் கிடைத்த ஓரிரு நூல்களோடு நின்றிருந்த அந்த ஈடுபாடு, இணையம் கைக்கு வந்த பிறகு பன்மடங்கானது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை விண்மீன் வழக்கத்துக்கு மாறாக மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் மிகவும் மங்கிய நிலையை எட்டியபோது, அது வெடிக்கப்போகிறது என்ற செய்தி எங்கும் பரவியது. அந்த மாதங்களில்தான் தம்முடைய வழக்கம் உருப்பெற்றது என்று அவரே சொன்னார். அலுவலகம் முடிந்து வீடு திரும்பியதும் கைப்பேசியில் வானியல் காணொளிகளைப் பார்ப்பது, இரவு உணவுக்குப் பின் கட்டுரைகளைப் படிப்பது, படுக்கைக்குப் போன பிறகு குறுங்காணொளிகளைத் தள்ளிக்கொண்டே போவது என நாள்தோறும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் இதற்குச் செலவாகிவந்தது. கைப்பேசி காட்டிய திரைநேரக் கணக்கும் ஏறக்குறைய அதையே சொன்னது.

இவ்வளவு காலத்தில் அவர் ஒரு கருத்துரைகூட எழுதியதில்லை. விருப்பக்குறி இடுவதுகூட அரிது. ஐயம் எழுந்தால் கேட்பதில்லை. வேறொரு காணொளியைத் தேடுவார். பிழை கண்ணில் பட்டாலும் சொல்வதில்லை.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஆலோசனைக்கு வந்ததற்கு உடனடிக் காரணம் அவருடைய மகள் சொன்ன ஒரு சொல். மகள் நல்லெண்ணத்தில்தான், “இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்களேப்பா, நீங்களே ஒரு சேனல் ஆரம்பிக்கக் கூடாதா? எத்தனை வருஷமா சும்மா பார்த்துக்கிட்டே இருக்கீங்க!” என்று கேட்டிருக்கிறார். அதில் ‘சும்மா’ என்பது மட்டும் ஆர்வலரின் மனத்தில் தங்கிவிட்டது. வாங்கிக்கொண்டே இருந்துவிட்டுத் திருப்பி எதுவும் கொடுக்காமல் போகிறோம் என்ற எண்ணம் அதன்பின் அவரை விடவில்லை. அதே வேளையில், செயலற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது மனநலத்தைக் குலைக்கும் என்ற தலைப்பில் ஏதோ ஒரு கட்டுரையையும் அவர் படித்திருந்தார்.

முதற்கட்டத்தில் கவனித்தவை

அவருடைய குற்றவுணர்வுக்கு இருந்த அடிப்படைகளை முதலில் பிரித்துப் பார்த்தோம்.

பார்ப்பவர் மிகுதி, படைப்பவர் குறைவு என்பது அவருக்கு மட்டும் உரிய நிலையன்று. இணையச் சமூகங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு நின்றுகொள்கிறார்கள், ஒன்பது பேர் அவ்வப்போது பங்களிக்கிறார்கள், பெரும்பகுதியை உருவாக்குபவர் ஒருவரே என்ற தோராயக் கணக்கை இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதினார். தளத்துக்குத் தளம் விகிதம் மாறினாலும் சாய்வு மாறுவதில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணிப்பின்படி, அந்நாட்டில் டிக்டாக் பயன்படுத்தும் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒரு காணொளிகூட வெளியிட்டதில்லை. காணொளி எடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு தளத்தில் இந்த நிலை. மௌனமாகப் படித்துச் செல்பவர்களிடம் காரணம் கேட்டு ஜென்னி பிரீஸ், பிளேர் நானெக்கே ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில் முதலிடம் பெற்ற விடை மிக எளியது: எழுதவேண்டிய தேவை ஏற்படவில்லை, படித்ததே போதுமானதாக இருந்தது.

மனநலம் பற்றிய கட்டுரையின் பின்னணியையும் அவருக்கு விளக்கினேன். ஃபேஸ்புக்கில் பிறர் பதிவுகளைச் செயலற்றுப் பார்த்துச் செல்வது மனநிறைவைக் குறைக்கிறது என்று 2015இல் பிலிப் வெர்டுயினும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. பின்வந்த ஆய்வுகள் அதை ஒரே குரலில் உறுதிப்படுத்தவில்லை. மேலும், அந்த ஆய்வு பேசுவது தெரிந்தவர்களுடைய வாழ்க்கையோடு தம்முடையதை ஒப்பிட்டு மனம் சுருங்குவதைப் பற்றி. விண்மீன்களின் வாழ்க்கையோடு எவரும் தம்மை ஒப்பிட்டுக்கொள்வதில்லை என்று அவரிடம் சொன்னபோது, முதல் அமர்வில் அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

இவ்வளவும் அவருடைய கவலையைத் தணித்தன. ஆனால் அவருடைய பார்க்கும் பழக்கம் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதற்கு விடை தரவில்லை. அதற்காக ஒரு குறிப்பேடு தொடங்கினோம். பார்த்த ஒவ்வொன்றுக்கும் இரண்டே செய்திகளை எழுதவேண்டும்: தானே தேடிப் போனதா, தானாக வந்து விழுந்ததா என்பது ஒன்று; மறுநாள் மாலையில் அதிலிருந்து என்ன நினைவிருக்கிறது என்பது மற்றொன்று. சில வாரங்களில் குறிப்பேடு தெளிவான உருவம் பெற்றது. தேடிப் போய்ப் பார்த்தவை குறைவு. அவற்றைப் பற்றி மறுநாள் இரண்டு மூன்று வரி எழுத முடிந்தது. தானாக வந்தவை மிகுதி. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எதிரே கோடு மட்டுமே இருந்தது. ஒரே கண்டுபிடிப்புச் செய்தியை ஐந்தாறு சேனல்கள் வெவ்வேறு குரலில் சொல்லியிருக்க, அத்தனையையும் அவர் பார்த்திருந்தார். திரும்பத் திரும்பக் கேட்டதில் பிறந்த பழக்கத்தை அறிவென்று எண்ணியிருந்ததை அவரே குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதியிருந்தார். அதற்கு மாறான பதிவுகளும் உண்டு: ஒளி கூடியும் குறைந்தும் வரும் ‘மாறும் விண்மீன்கள்’ பற்றி அவர் மிகவும் மதிக்கும் ஒரு தொடர், ஒரு நாள் பரிந்துரையாகத் தானாக வந்து சேர்ந்ததுதான். ஆகவே வந்து விழுவதெல்லாம் குப்பை என்று ஒதுக்கிவிடவும் இடமில்லை.

மாறும் விண்மீன்களில் அவர் மிகுதியாகப் பார்த்திருந்தது அல்கோல் பற்றித்தான். பெர்சியஸ் விண்மீன் குழுவிலுள்ள இது, ஒன்றையொன்று மறைக்கும் இணை விண்மீன்களின் அமைப்பு. ஏறத்தாழ 2 நாள் 21 மணிக்கு ஒருமுறை, சில மணி நேரத்துக்குள் 2.1 என்ற ஒளிப்பொலிவு எண்ணிலிருந்து 3.4 வரை (எண் கூடக் கூட ஒளி குறைவு) மங்கி, அதே வேகத்தில் மீளும். ஆங்கிலேய வானியலாளர் ஜான் குட்ரிக் 1783இல் இதன் கால ஒழுங்கைக் கண்டறிந்து, ஏதோவொன்று அதை மறைக்கிறது என்ற விளக்கத்தை முன்வைத்தார். இதையெல்லாம் ஆர்வலர் தங்குதடையின்றிச் சொன்னார். அன்றிரவு வானம் தெளிவாக இருந்தால் கைப்பேசி இல்லாமல் வெளியே போய் அல்கோலைக் கண்டுபிடித்துப் பார்த்துவிட்டு வரும்படி கேட்டேன். அடுத்த அமர்வில் வந்தவர், பெர்சியஸ் எது என்றே தம்மால் அடையாளம் காண முடியவில்லை என்றார்.

இது அறிவுக்குறைவு என்று கருத வேண்டியதில்லை. பிறர் ஒரு திறனைச் செய்துகாட்டுவதைப் பலமுறை பார்த்தவர்களுக்குத் தம்மாலும் முடியும் என்ற நம்பிக்கை கூடுகிறது, ஆனால் செய்யச் சொன்னால் திறன் கூடியிருப்பதில்லை என்று மைக்கேல் கார்டாஸ், எட் ஓ’பிரையன் ஆகியோர் 2018இல் காட்டினர். திரையில் விண்மீன் குழுவைச் சுற்றி எப்போதும் கோடு வரைந்திருக்கும். வானத்தில் கோடு கிடையாது.

முதல் முடிவு: சேனலைத் தொடங்கவிடுவது

குறிப்பேட்டின் அடிப்படையில், பார்க்கும் முறையைச் சீர்செய்வதே போதும் என்று நான் கருதினேன். ஆர்வலர் அதை ஏற்கவில்லை. படைப்பாளராக முயன்று பாராமல் இருந்துவிட்டால் அந்த உறுத்தல் போகாது என்றார். அதில் நியாயம் இருந்தது. வாதத்தால் தீராத உறுத்தலை அனுபவத்தால் தீர்க்க முயல்வதில் பெரிய இழப்பு எதுவுமில்லை என்பதாலும், மகளுடன் சேர்ந்து செய்யும் வேலையாக அது அமையும் என்பதாலும், வரையறுத்த ஒரு காலத்துக்குச் சேனல் நடத்திப் பார்ப்பதென முடிவெடுத்தோம். நிபந்தனைகள் இரண்டு. செலவாகும் நேரத்தைக் குறிப்பேட்டில் தொடர்ந்து எழுதவேண்டும். தெளிவான இரவுகளில் வானத்தைப் பார்க்க ஒதுக்கும் நேரம், அது எவ்வளவு குறைவாக இருந்தாலும், சேனலுக்காகக் குறையக் கூடாது.

இரண்டாவது நிபந்தனை மிக விரைவில் முறிந்தது.

சேனல் நடந்த விதம்

முதல் காணொளி திருவாதிரையைப் பற்றியது. அது மங்கியதற்குக் காரணம் உடனடி வெடிப்பின் அறிகுறி அன்று, விண்மீன் வெளியேற்றிய பொருளிலிருந்து உருவான தூசி மறைத்ததே முதன்மைக் காரணம் என்று 2021இல் வெளியான ஆய்வை விளக்கியிருந்தார். கவனமாகச் செய்யப்பட்ட காணொளி. உறவினர்களும் அலுவலக நண்பர்களும் பார்த்ததோடு அது நின்றது. அடுத்தடுத்தவையும் அவ்வாறே. பார்த்தவர் எண்ணிக்கையை அவர் காலையிலும் மாலையிலும் திறந்து பார்க்கத் தொடங்கினார். முகப்புப் படத்தில் எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும், முதல் சில நொடிகளில் என்ன சொன்னால் பார்வையாளர் நிற்பார் என்பவற்றைக் கற்றுத்தரும் காணொளிகள் அவருடைய குறிப்பேட்டில் வானியல் காணொளிகளுக்குச் சமமாக வளர்ந்தன. 2012 முதல் யூடியூப் பரிந்துரைகளில், எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு மிகுதியான எடை தரப்படுகிறது. பார்வையாளராக இருந்தவரை, அந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தில் அவர் அதை அறியாமலேயே இருந்தார். இப்போது அதற்கு ஏற்பத் தம் சொற்களை வெட்டத் தொடங்கினார்.

மாதங்கள் சில கழிந்து, டி கொரோனே போரியாலிஸ் என்னும் விண்மீனைப் பற்றி ஒரு காணொளி வெளியிட்டார். வெண்குறுமீன் ஒன்று, அருகிலுள்ள செம்பெருமீனிலிருந்து வளிமத்தை ஈர்த்துச் சேர்த்து, பல்லாண்டுகளுக்கு ஒருமுறை திடீரென ஒளிரும் நோவா அமைப்பு அது. வழக்கமாகப் பத்தாம் ஒளிப்பொலிவில், வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். வெடித்தால் இரண்டாம் ஒளிப்பொலிவை எட்டி, துருவ விண்மீன் அளவுக்குத் தெரியும். 1866இலும் 1946இலும் வெடித்தது. 1946 வெடிப்புக்கு முன் காணப்பட்டதைப் போன்ற ஒரு மங்கல் 2023இல் தென்பட்டதால், 2024 செப்டம்பருக்குள் வெடிக்கக்கூடும் என்று வானியலாளர்கள் சிலர் கணித்திருந்தனர். ‘வெடிக்கக்கூடும்’ என்றிருந்ததை ஆர்வலர் ‘செப்டம்பருக்குள் வெடிக்கும்’ என்று தலைப்பிட்டார். அவர் பார்த்துவந்த சேனல்களில் பல அப்படித்தான் இட்டிருந்தன. தவறு என்று தோன்றவே இல்லை என்றார்.

அந்தக் காணொளி மற்றவற்றையெல்லாம் சேர்த்ததைவிடப் பல மடங்கு பேரால் பார்க்கப்பட்டது. பாராட்டுகளுக்கு இடையே ஒருவர் நீண்ட கருத்துரை எழுதியிருந்தார். உறுதியாகத் தெரிந்த இரண்டு வெடிப்புகளுக்கு இடையிலான ஒரே ஓர் இடைவெளியைக் கொண்டு அடுத்த நாளைக் குறிக்க முடியாது, முன்மங்கல் என்பதும் ஒரே ஒரு முந்தைய நிகழ்வோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது, கணித்தவர்களே அதை வாய்ப்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பது அதன் சாரம். கடுமை இல்லாத, பொறுமையான எழுத்து. தாம் எழுதாமல் விட்ட அத்தனை கருத்துரைகளும் அதைப் படித்தபோது நினைவுக்கு வந்ததாக ஆர்வலர் சொன்னார்.

காணொளியை நீக்கிவிடலாம் என்பதே அவருடைய முதல் எண்ணம். நீக்கினால் திருத்தமும் அதனுடன் சேர்ந்து மறையும், ஏற்கெனவே பார்த்தவர்கள் தவறான செய்தியுடனேயே இருப்பார்கள் என்பதால், தலைப்பை மாற்றி, திருத்தத்தை விளக்கக் குறிப்பிலும் முதல் கருத்துரையாகவும் நிறுத்துவதென முடிவாயிற்று. தலைப்பை மாற்றியதும் பார்ப்பவர் எண்ணிக்கை சரிந்தது. செப்டம்பர் கடந்தது, வெடிப்பு நிகழவில்லை.

இடைக்கால மதிப்பீடு

வரையறுத்த காலம் முடிந்தபோது குறிப்பேட்டைச் சேர்ந்து படித்தோம். பார்க்கும் நேரம் குறையவில்லை; அதன் நோக்கம்தான் மாறியிருந்தது. எதைப் பார்த்தாலும் ‘இதிலிருந்து ஒரு காணொளி தேறுமா’ என்ற கணக்கு முன்னால் வந்து நின்றது. பாதியில் இருந்த தடித்த வானியல் நூல் ஒன்று, சேனல் தொடங்கிய வாரத்தில் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே இருந்தது. தெளிவான இரவுகள் ஒலிச்சேர்ப்பிலும் படத்தொகுப்பிலும் கழிந்திருந்தன. படைப்பாளர் ஆனதால் அவர் வானத்தைக் குறைவாகப் பார்த்தார் என்பதே குறிப்பேடு சொன்ன செய்தி.

ஆயினும் இம்முயற்சியை வீண் என்று சொல்லமாட்டேன். ஒரு செய்தியைப் பிறருக்கு விளக்க முற்பட்டபோதுதான் தமக்கு எது தெரியாது என்று அவருக்குத் தெரிந்தது. திருவாதிரைக் காணொளிக்காக மூல ஆய்வின் சுருக்கத்தைத் தேடிப் படித்தது, ஐந்தாண்டுகளாக அவர் செய்யாத வேலை. மேலும், திருத்தம் எழுதிய அந்தப் பார்வையாளருடன் தொடங்கிய மின்னஞ்சல் தொடர்பு, சேனலின் மற்ற எல்லாப் பலன்களையும்விட அவருக்கு உவப்பாக இருந்தது. அவரும் சேனல் இல்லாதவர். ஆனால் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து விண்மீன்களின் ஒளிப்பொலிவைக் கண்ணால் மதிப்பிட்டுப் பதிவுசெய்து வருபவர்.

இரண்டாம் முடிவு: சேனலை நிறுத்தி, பார்க்கும் முறையை மாற்றுவது

சேனலைக் குறைந்த வேகத்தில் தொடரலாம் என்று மகள் கருதினார். அவருடைய ஏமாற்றம் புரிந்துகொள்ளத்தக்கது. நிறுத்துவதை நான் ஆதரித்ததற்கான காரணம், ஆர்வலருக்கு இன்பம் தந்தது புரிந்துகொள்ளும் கட்டமே என்பதும், பேசிப் பதிவிடும் கட்டத்தை அவர் ஒவ்வொரு முறையும் சுமையாகவே விவரித்தார் என்பதும்தான். இடைவிடாமல் பதிவிடுபவரையே தளங்கள் முன்னிறுத்துவதால், எப்போதாவது ஒன்று என்ற வழி, எண்ணிக்கையைப் பார்த்து ஏங்குவதை மட்டும் மிச்சம் வைக்கும் என்றும் தோன்றியது. சேனலை அழிக்காமல் அப்படியே விட்டுவைத்தார்.

பார்ப்பதில் செய்த மாற்றங்கள் பெரும்பாலும் வாயிலைப் பற்றியவை. இதுவரை அவர் முகப்புப் பக்கத்தைத் திறந்து, அங்கே இருப்பதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். முடிவே இல்லாமல் கீழே நீண்டுகொண்டு போகும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ரஸ்கின், பின்னாளில் அதைக் குறித்து வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். நிறுத்தம் என்ற ஒன்று பக்கத்தில் இல்லாதபோது, அதைப் பார்ப்பவரே ஏற்படுத்திக்கொள்ளவேண்டியிருக்கிறது. ஆகவே பார்வை வரலாற்றைச் சேமிப்பதை நிறுத்தி, பழைய வரலாற்றையும் அழித்தார். யூடியூபில் இப்படிச் செய்தால் 2023 முதல் முகப்புப் பக்கம் பரிந்துரைகள் இன்றி வெறுமையாகிவிடுகிறது. சந்தா செய்துள்ள சேனல்களின் பக்கத்தை மட்டும் திறப்பது வழக்கமாயிற்று. அந்தச் சந்தாப் பட்டியலையும், ஒரே செய்தியைத் திருப்பிச் சொல்பவற்றை நீக்கி, கைவிரல்களில் எண்ணும் அளவுக்குக் குறைத்தார். கட்டுரைகளுக்கு ஆர்.எஸ்.எஸ். ஓடையைப் பயன்படுத்தத் தொடங்கினார். இன்று பலரும் மறந்துவிட்ட பழைய கருவி இது. புதிய கட்டுரைகளைக் கால வரிசையில் தருவதோடு நின்றுகொள்கிறது, படித்து முடித்தால் பட்டியல் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்துபோவதே அதன் சிறப்பு.

எண்ணும் அளவையும் வரும் செய்திகளைக் காணொளியில் பார்க்காமல் எழுத்தில் படிப்பது என்பது அவரே வகுத்துக்கொண்ட விதி. ‘கூடும்’ என்பது ‘ஆகும்’ என்று மாறும் இடத்தை எழுத்தில் எளிதில் பிடிக்க முடிகிறது என்று காரணம் சொன்னார். டி கொரோனே போரியாலிஸ் கற்றுத்தந்த பாடம் அது. இனி எதைத் திறப்பதாக இருந்தாலும், முன்னதாக ஒரு கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டே திறப்பார். கேள்வி எழுத வரவில்லை என்றால் பார்க்கக் கூடாது என்று விதி வைக்கவில்லை. ‘பொழுதுபோக்கு’ என்று எழுதிவிட்டுப் பார்க்கலாம். தடைவிதிகள் இத்தகைய நிலையில் நெடுநாள் நிற்பதில்லை என்பது என் அனுபவம்.

திரைக்கும் வானத்துக்கும் ஓர் இணைப்பு ஏற்படுத்துவதும் திட்டத்தில் இருந்தது. பார்த்தவற்றில் கண்ணால் சரிபார்க்கக்கூடியது ஏதேனும் இருந்தால், அடுத்த தெளிவான இரவில் அதைச் சரிபார்ப்பது. இருளுக்குக் கண் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும்; கைப்பேசித் திரையை ஒரு முறை பார்த்தாலே அது கெட்டுவிடும். அதனால் கைப்பேசியை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போக, யாரும் கற்பிக்காமலேயே ஒரு காரணம் கிடைத்தது.

பங்களிப்பு என்ற உறுத்தலுக்கும் இடம் கொடுத்தோம். படைப்பாளர், பார்வையாளர் என்ற இரண்டே நாற்காலிகள்தாம் உள்ளன என்ற எண்ணமே அவரைச் சேனலுக்குள் தள்ளியது. 2007இல் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டத்தில் பொதுமக்கள் செய்தது, தொலைநோக்கிப் படங்களில் உள்ள விண்மீன் மண்டலங்கள் சுருள் வடிவினவா, நீள்வட்டமானவையா என்று பார்த்துச் சொன்னதுதான். அந்தப் பார்த்தலிலிருந்து ஆய்வுக் கட்டுரைகள் பிறந்தன. 1911இல் நிறுவப்பட்ட அமெரிக்க மாறும் விண்மீன் நோக்குநர் சங்கம், எந்த நாட்டு ஆர்வலரிடமிருந்தும், வெறுங்கண்ணால் செய்த மதிப்பீடு உட்பட, ஒளிப்பொலிவுப் பதிவுகளைப் பெற்றுக்கொள்கிறது. திருத்தம் அனுப்புவதும், தெளிவாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியும், பயன்பட்டதை இன்ன இடத்தில் பயன்பட்டது என்று எழுதித் தெரிவிப்பதும், விரும்பிப் படிக்கும் ஒருவருக்குக் கட்டணம் செலுத்துவதும் இந்த இடைவெளியில்தான் வருகின்றன.

விளைவு

அந்தக் குளிர்காலத்தில் அல்கோலின் ஒரு மங்கலைத் தொடக்கம் முதல் மீட்சி வரை, இடையிடையே வெளியே போய்ப் பார்த்து, அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு, தம் கணக்கு நோட்டில் வரைபடமாகக் குறித்தார். குட்ரிக்கின் விளக்கம் தமக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததாக எண்ணியது எவ்வளவு மேலோட்டமானது என்று அன்று விளங்கியதாகச் சொன்னார். பின்னர் திருவாதிரையை ரோகிணியோடும் புரோசியானோடும் ஒப்பிட்டு மதிப்பிடப் பழகி, சில பதிவுகளைச் சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறார். சிவந்த விண்மீனின் ஒளியைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். அவருடைய முதல் மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அதைப் பற்றி மின்னஞ்சல் நண்பரிடம் கேட்டிருக்கிறார். கேட்டது முன்னேற்றம்.

பார்க்கும் நேரம் மாலைகளில் குறைந்துள்ளது. குறிப்பேட்டில் கோடு மட்டும் உள்ள வரிகள் அருகிவிட்டன. தடித்த நூல் முடிந்து, அடுத்தது தொடங்கியிருக்கிறது. நெடுங்காலமாகப் பார்த்துவரும் ஒரு சேனலில், தொலைவின் அலகான ஒளியாண்டை நேர அலகாகச் சொல்லியிருந்த ஓர் இடத்தைச் சுட்டி அவர் எழுதிய குறிப்பு ஏற்கப்பட்டது. தம் மௌனத்தைக் குற்றமாகப் பேசுவதை அவர் நிறுத்திவிட்டார். பெரும்பாலான நாட்களில் இன்னமும் மௌனமாகவே படிக்கிறார்.

மாறாதது படுக்கையில் பார்க்கும் குறுங்காணொளிகள். மேற்சொன்ன ஏற்பாடுகள் எதுவும் அந்த நேரத்தைத் தொடவில்லை. வேறொரு செயலியில், வேறொரு களைப்பில் நிகழ்வது அது. ‘பொழுதுபோக்கு’ என்று எழுதிவிட்டுப் பார்க்கலாம் என்ற சலுகை அங்கே எழுதாமலேயே பயன்படுத்தப்படுகிறது.

மகளுடனான உறவில் சேனல் நிறுத்தத்தால் சிறிது காலம் ஓர் இறுக்கம் இருந்தது. படத்தொகுப்பில் கைதேர்ந்துவிட்ட அவர், வேறு பொருளில் தமக்கென ஒரு சேனலை இப்போது நடத்துகிறார். தந்தை அதன் பார்வையாளர். பிழை கண்டால் உடனே எழுதுகிறார் என்று மகள் குறைப்பட்டுக்கொள்வதாகத் தெரிகிறது.

இனி மாற்றிச் செய்யவேண்டியவை

இதே கேள்வியுடன் அடுத்தவர் வரும்போது, குறிப்பேட்டை முதல் அமர்விலேயே தொடங்குவேன். நுகர்வு, படைப்பு என்ற பேச்சு நீள்வதற்கு முன்பே, தேடிப் போனவை எவை, வந்து விழுந்தவை எவை என்ற பதிவு கையில் இருந்தால், உறுத்தல் எதைப் பற்றியது என்பது விரைவில் தெளிவாகும். பெர்சியஸைக் கண்டுபிடிக்கச் சொன்னது போன்ற ஒரு சிறு சோதனையும் தொடக்கத்திலேயே வரவேண்டும். அது எந்தத் துறைக்கும் அமையக்கூடியது. மொழி கற்கும் காணொளிகளைப் பார்ப்பவரிடம் அம்மொழியில் ஒரு பத்தி எழுதச் சொல்லலாம். தச்சு வேலை பார்ப்பவரிடம் ஒரு பலகையை நேராக அறுக்கச் சொல்லலாம். தோற்றால் வெட்கப்படவேண்டாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம்.

சேனல் முயற்சியைத் தடுக்கமாட்டேன். ஆனால் தொடங்கும்போதே, எண்ணிக்கை காட்டும் பக்கத்தை வாரம் ஒருமுறைக்கு மேல் திறப்பதில்லை என்பதையும், தலைப்பு எழுதிய பின் மூலச் செய்தியின் வாசகத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதையும் நிபந்தனைகளாகச் சேர்ப்பேன். வானத்துக்கான நேரம் குறையக் கூடாது என்ற நிபந்தனை முறிந்த வாரத்திலேயே அதை எடுத்துப் பேசும் ஏற்பாடும் வேண்டும். வரையறுத்த காலம் முடியும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. குடும்பத்தினர் யார் தூண்டினாரோ அவரையும் ஒரு அமர்வுக்கு அழைப்பது நல்லது. இந்த நிகழ்வில் மகள், தம் தந்தைக்கு ஓர் அங்கீகாரம் கிடைக்கவேண்டும் என்று விரும்பினார். தந்தை கேட்டதோ வேறொன்று.

இரவுநேரக் குறுங்காணொளிகளை, உள்ளடக்கப் பழக்கத்தின் ஒரு பகுதியாக நடத்தாமல், உறக்கம் பற்றிய தனிச் சிக்கலாகக் கொண்டு, அதற்குரிய துறையினரிடம் தொடக்கத்திலேயே அனுப்பியிருக்கலாம். அந்தப் பரிந்துரை இப்போது செய்யப்பட்டுள்ளது. ஆர்வலர் ஏற்றுக்கொண்டிருக்கிறார், முதல் சந்திப்பு இன்னும் நடைபெறவில்லை.